பன்னிரண்டாவது இரும்பு

செபமாலைமுத்து எட்வேட். பிறப்பு: 1963 செப்ரெம்பர் 14, குருநகர், யாழ்ப்பாணம். இறப்பு: 2009 பெப்ரவரி 2, வால்தம்ஸ்டோ, லண்டன். மனைவி பியற்றிஸ். பிள்ளைகள் இல்லை. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் "கட்டடச் சுத்திகரிப்புத் தொழிலாளி, முன்னாள்" என்று எழுதப்பட்டிருக்கிறது.

1999 நவம்பரில் அவர் பிரித்தானியாவில் அகதி விண்ணப்பம் கொடுத்தார். குருநகரில் மீன்பிடித்து வந்ததாகவும், அவ்வாண்டு ஒக்ரோபரில் கொழும்பிலிருந்து புறப்பட்டு மொஸ்கோ வழியாக லண்டனை அடைந்ததாகவும் அதில் சொல்லியிருக்கிறார். 2001 இல் வதிவிட அனுமதி கிடைத்தது. 2003 இல் பியற்றிஸ் வந்து சேர்ந்தார்.

விண்ணப்பத்தில் எழுதியது உண்மையல்ல. எட்வேட் ஊரை விட்டுப் புறப்பட்டது 1990 இல். 1991 தொடக்கம் 1999 வரை எட்டு ஆண்டுகள் ஏதென்சில் இருந்தார். முதலில் கால் வைத்த ஐரோப்பிய நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த எட்டு ஆண்டுகளையும் அவர் மறைத்தார். அவர் கற்ற தொழில் முழுவதும் அந்த ஆண்டுகளுக்குள்தான் இருந்தது. ஆகவே தமக்குத் தெரிந்த எதையும் எங்கே தெரிந்துகொண்டேன் என்று அவரால் எவருக்கும் சொல்ல முடியவில்லை.

இக்குறிப்புக்கு ஆதாரமானவை பியற்றிஸ் சொன்னவை, உடன் வேலை செய்த கிருஷாந்த் சொன்னவை, ஒரு கோயில் பரிபாலன சபையின் கூட்டக் குறிப்புகள், கவுன்சிலின் கட்டடப் பாதுகாப்புப் பிரிவின் கோப்பு. கோயிலின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதவேண்டாம் என்று பியற்றிஸ் கேட்டுக்கொண்டார். மற்றவற்றை எழுதலாம் என்றார். "இனி ஆரை எங்கை திருப்பி அனுப்பிறது?" என்பது அவருடைய சொல்.

ஏதென்சில் எட்வேட் வேலை செய்தது ஒரு சலவைக்கல் பட்டறையில். விழுந்து கிடந்த பழைய கோயில் கற்களைத் தூக்கி நிறுத்தும் பணிக்குப் புதுக்கல் வெட்டிக் கொடுக்கும் பட்டறை அது. முதல் இரண்டு ஆண்டுகள் பாரம் தூக்கினார். பிறகு கல்லின் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும் வேலைக்கு எடுத்தார்கள்.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் கற்களுக்கு இடையில் சாந்து வைக்கவில்லை. ஒரு கல்லின் பக்கத்தில் விளிம்பை மட்டும் கண்ணாடிபோலத் தேய்த்து, நடுவைச் சற்றுக் குழிவாக விட்டார்கள். தேய்த்தது போதுமா என்று பார்க்கச் செங்காவி பூசிய தட்டையான பலகைக் கல்லை அதன்மேல் வைத்து இழுத்தார்கள். மேடான இடத்தில் சிவப்பு ஒட்டும், அதை மறுபடி தேய்ப்பார்கள். இரண்டு கற்கள் பொருந்திய இடத்தில் மயிர் நுழையாது. வட்டக் கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கித் தூணை நிறுத்திய பிறகே அதன் நெடுக்குப் பள்ளங்களைச் செதுக்கினார்கள். கற்கள் விலகாமல் இருக்க, பக்கத்துக் கற்கள் இரண்டின் தலையிலும் துளையிட்டு இரும்புக் கவ்வி ஒன்றைப் பதித்தார்கள். வேலைத்தளத்தில் அதைக் கிளாம்ப் என்பார்கள். பதித்தபின் துளை நிரம்ப உருக்கிய ஈயத்தை வார்த்தார்கள். ஈயம் இரும்பைச் சுற்றி மூடிக்கொண்டால் தண்ணீர் அதைத் தொடாது. நிலம் அதிர்ந்தால் இரும்பு கல்லை உடைக்காமல் ஈயம் சிறிது நெளிந்து கொடுக்கும்.

1995 இல் ஒருநாள் பழைய கல்லொன்றிலிருந்து அப்படியான ஒரு கிளாம்பை வெளியே எடுத்தார்கள். ஈயத்தை உரித்தபோது எட்வேட் அருகில் நின்றார். கிருஷாந்துக்கு அவர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"ஒரு பொட்டுக் கறள் இல்லையடா. கொல்லன் அடிச்ச சுத்தியல் தழும்பு அப்பிடியே கிடக்குது. நேற்று அடிச்ச மாதிரி."

அதே கோயிலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தவேலை செய்தவர்கள் ஈயமில்லாமல் இரும்பை வைத்திருந்தார்கள். அந்த இரும்பு கறள் ஏறித் துருப்பிடித்து, வீங்கி, சலவைக்கல்லை உள்ளிருந்து பிளந்திருந்தது. பிளந்த கற்களுக்குப் பதில் கல் வெட்டுவதே எட்வேட்டின் பட்டறைக்குக் கிடைத்த வேலையின் பெரும்பகுதி. ஆகவே ஈயம் உள்ள இரும்பையும் ஈயம் இல்லாத இரும்பையும் எட்டு ஆண்டுகள் அவர் கையால் தொட்டுப் பார்த்திருந்தார்.

லண்டனில் கட்டடங்களின் முகப்பைக் கழுவும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. உயர்ந்த அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கரியை அகற்றும் வேலை. கிருஷாந்த் அங்கேதான் பழக்கமானார். ஜெர்மனியில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்து, வெல்டிங் படித்து, பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு மாறியவர். இருவரும் ஒரே வான் வண்டியில் போவார்கள். வங்கி, நூதனசாலை, பழைய நகர மண்டபம், தேவாலயம் என்று தூண் வைத்த முகப்புகள் இந்த நகரத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. கிரேக்கத்தை அளந்து வரைந்த படங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே அச்சாகி வந்தபின் எழுந்தவை பல. சிக்னலில் வான் நிற்கும்போது எட்வேட் ஒவ்வொன்றையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்: இது செங்கல்லின்மேல் சுண்ணாம்பு, இது உள்ளே வெறுங்குழாய், இது கல்தான்.

"முகத்தைப் பாத்து வரைஞ்சிருக்கிறாங்கள். முதுகைப் பாக்கேல்லை" என்று அவர் சொல்வதுண்டு.

வால்தம்ஸ்டோவில் 1841 இல் கட்டப்பட்ட சிறிய தேவாலயம் ஒன்று 1996 இல் மூடப்பட்டது. முன்புறம் ஏழு படிகள், நான்கு தூண்கள், தூண்களின் மேல் உத்தரம், அதற்கு மேலே வெளியே நீண்டு நிற்கும் விளிம்புக் கற்கள். காலியாகக் கிடந்த காலத்தில் விளிம்புக் கற்களின் மேல் மூடியிருந்த ஈயத் தகட்டை எவரோ உரித்துக்கொண்டு போனார்கள். 2003 இல் நம்மவர்கள் அதை வாங்கி, 2004 பெப்ரவரியில் அம்மன் கோயிலாகத் திறந்தார்கள். மார்ச்சில் தூண்களுக்கு ஊர்க் கோயில் மதில்போலச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக எனாமல் பெயின்ற் அடித்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்கு அனுமதியின்றி நிறம் பூசியது தவறு என்று ஓகஸ்டில் கவுன்சில் கடிதம் அனுப்பியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்பது கடிதத்தின் கடைசி வரி. அந்தக் கடிதத்துக்குப் பிறகு கவுன்சில் என்ற சொல்லே சபையில் பயத்தோடு சொல்லப்பட்டது.

2006 பெப்ரவரி 19, ஞாயிறு. கைமுட்டி அளவுக் கல்லொன்று மேற்கு மூலையிலிருந்து படியில், செருப்பு வைக்கும் தட்டின் அருகே விழுந்தது. எவருக்கும் படவில்லை. கிருஷாந்த் கோயில் உறுப்பினர். அடுத்த நாள் எட்வேட்டைக் கூட்டி வந்து காட்டினார். எட்வேட் ஏணி வைத்து ஏறினார். விளிம்புக் கற்களின் மேலே ஈயத் தகடு இல்லை, பாசிதான் இருந்தது. கற்களின் தலையில் பதினான்கு கிளாம்ப்கள். ஒன்றிலும் ஈயம் வார்த்திருக்கவில்லை. மேற்கு மூலைக் கல்லில் அவருடைய விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது.

கும்பாபிஷேகத்துக்கு ஜூலை 2 என்று நாள் வைத்திருந்தார்கள். அன்று அந்தக் கல்லின் கீழ் ஆயிரம் பேராவது நிற்பார்கள்.

மார்ச் 12 அன்று சபை கூடியது. கோயிலின் கீழ்த்தளச் சமையலறையில், பெரிய சட்டிகளுக்கு நடுவே நடந்த கூட்டம். தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு வயது அறுபத்தொன்று. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவர். எட்வேட் கல்லின் நிலையைச் சொன்னார். எல்லோரும் கேட்டார்கள்.

"தம்பி, நான் இருபத்தொரு வருசம் திணைக்களத்திலை இருந்தனான். குளக்கட்டே கட்டினனான். உது ஒரு வெடிப்பு. சிமெந்து வச்சு அடைச்சால் சரி" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"சிமெந்து வச்சால் உள்ளுக்கை இருக்கிற தண்ணி வெளியாலை வராது, அண்ணை. இரும்பு இன்னும் கெதியா வீங்கும்."

"நீர் கல்லுக் கழுவிறனீர் எண்டெல்லோ கிருஷாந்த் சொன்னவன்? கழுவிறது வேறை, கட்டிறது வேறை."

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர், "வேதக்காரற்றை கட்டிடம்தானே, வேதக்காரருக்குத் தெரியாதே?" என்றார். மறுபடி சிரிப்பு.

ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். எட்வேட் கத்தோலிக்கர். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதனால்தான் அன்று தேவைக்கு மேல் பேசினார் என்று கிருஷாந்த் கருதுகிறார்.

"உது வேதக்காரற்றை தூண் இல்லை. இயேசு பிறக்க நானூற்றைம்பது வருசத்துக்கு முதலே உந்தத் தூண் இருந்தது. அதை வச்சுக் கட்டின ஆக்களும் உங்களைப் போலைதான். பெரிய கோயிலை அம்மனுக்குத்தான் கட்டினவை. புதுச் சீலை நெய்து, ஊர்வலமாக் கொண்டுபோய்க் குடுக்கிறவை."

பூமாலைப் பொறுப்பில் இருந்த கமலாம்பிகை, "அம்மனுக்குச் சீலையோ? மெய்யே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. கோயிலுக்கு நிறமும் பூசினவை. சிவப்பு, நீலம்."

"பாத்தியளோ!" ஸ்ரீஸ்கந்தராஜா மேசையில் தட்டினார். "அவங்களே பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள். இதையெல்லோ கவுன்சில்காரனுக்கு எழுதியிருக்க வேணும்!"

"அவை அடிச்சது வேறை, அண்ணை. நீங்கள் அடிச்சது வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற். மழைத்தண்ணி மேலாலை உள்ளுக்கை போகுது. வெளியாலை வர வழியில்லை."

"சரி, உதெல்லாம் நீர் எங்கை கண்டனீர்?"

எட்வேட் பக்கத்துச் சட்டியின் விளிம்பை விரலால் தடவினார்.

"ஒரு புத்தகத்திலை பாத்தனான்."

"புத்தகத்தை வச்சுக்கொண்டு கோயில் திருத்தேலாது, தம்பி."

கூட்டக் குறிப்பில் இது ஒரு வரியாக உள்ளது: "முகப்புக் கல் பற்றித் திரு. எட்வேட் கருத்துத் தெரிவித்தார். சிமெந்தினால் அடைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது."

அன்று வீட்டில் பியற்றிஸ், "கவுன்சிலுக்கு ஒரு போன் அடிச்சுச் சொல்லுங்கோவன்" என்றார்.

"சொன்னால் கோயிலைப் பூட்டுவாங்கள். கும்பாபிஷேகம் நிண்டுபோகும். காட்டிக் குடுத்தது ஆர் எண்டு வரும்."

"ஆக்கள் சாகிறதிலும் அது பெரிசே?"

"நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர், எங்கை வேலை பழகினனீர் எண்டு அவங்களும் கேப்பாங்கள், பியற்றிஸ். புத்தகம் எண்டு அவங்களுக்குச் சொல்லேலாது."

ஏப்ரல் 29 இல் இரண்டாவது கல் விழுந்தது. ஒரு தேங்காயளவு இருக்கும். செருப்புத் தட்டு இரண்டாக முறிந்தது. அன்று மாலை ஸ்ரீஸ்கந்தராஜா தாமே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கவுன்சிலுக்குத் தெரியாமல் செய்யேலுமோ?" என்று கேட்டார். எட்வேட், ஏலும் என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். துருப்பிடிக்காத உருக்கில் கிளாம்ப் செய்து, கடையில் விற்கும் பிசின் பசையால் பதித்திருந்தாலும் வேலை முடிந்திருக்கும். கிருஷாந்த் அதைச் சொன்னார். கிளாம்ப்கள் பதினான்கையும் உருக்கில் செய்து கொடுத்தவரும் அவர்தான். எட்வேட் பசையை நம்பவில்லை. ஈயத்துக்குள் கிடந்த இரும்பை அவர் பார்த்திருந்தார். இருபது ஆண்டு போன பசையை எவரும் தமக்குக் காட்டவில்லை என்றார்.

கும்பாபிஷேகத்துக்கு முன் தூண்களின் எனாமலைச் சுரண்டி எடுக்கவென்று கட்டிய சாரம் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்தது. எட்வேட்டும் அதே ஒழுங்கில் போனார். மேற்கு மூலைக்குச் சாரம் வரும்வரை அந்தக் கல்லுக்கு மரத்தூண் இரண்டு முட்டுக்கொடுத்து வைத்தார். மே 27, ஜூன் 3, ஜூன் 10 ஆகிய மூன்று சனிக்கிழமைகளில் பதினொரு கிளாம்ப்கள் முடிந்தன. வேலை முறை ஒன்றேதான். பழைய இரும்பை வெட்டி எடுப்பது. துளையைச் சுத்தம் செய்வது. கேஸ் சுவாலையால் துளையை உலர்த்துவது. புதுக் கிளாம்பை வைப்பது. கீழே அடுப்பில் ஈயத்தை உருக்கி, வாளியில் மேலே இழுத்து, இரும்பு அகப்பையால் வார்ப்பது. ஈரத் துளையில் உருகிய ஈயம் விழுந்தால் தண்ணீர் ஒரு கணத்தில் ஆவியாகி ஈயத்தை வெளியே எறியும். அதற்காக, வார்ப்பதற்கு முன் ஒரு துணித் திரியைத் துளைக்குள் செருகிப் பார்ப்பது அவருடைய வழக்கம்.

ஜூன் 17, சனிக்கிழமை. மேற்கு மூலைக் கல்லில் மூன்று கிளாம்ப்கள் மீதி இருந்தன. பன்னிரண்டாவதற்கு உரிய பழைய இரும்பைக் காலையில் எடுத்தார். துளைகளை உலர்த்தினார். புது இரும்பை வைத்து, மேலே தகரத் துண்டொன்றை மூடிவிட்டுக் கீழே இறங்கினார். பின்பக்க அடுப்பில் ஈயம் உருக நாற்பது நிமிடம் எடுத்தது. பத்தே முக்காலுக்கு ஏறினார். கிருஷாந்த் கீழே நின்று வாளியை மேலே அனுப்பினார்.

தகரத்தின்மேல் ஒரு செவ்வந்திப் பூ இருந்தது. எட்வேட் அதைப் பார்த்தார். விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். தகரத்தை எடுத்தார். வாளியில் ஈயத்தின் மேற்பரப்பு இறுகத் தொடங்கியிருந்தது. அன்று அவர் திரியைச் செருகிப் பார்க்கவில்லை.

வெடிச் சத்தம் பட்டாசு போல இருந்தது என்கிறார் கிருஷாந்த். எட்வேட் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். குனிந்து நின்றதால் ஈயம் கீழிருந்து மேலாக, கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் இடையால் புகுந்தது. வலது கண்ணை அன்றே அகற்றினார்கள். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது.

மருத்துவமனையில் எப்படி நடந்தது என்று கேட்டபோது, வீட்டுத் தோட்டத்தில் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்த்தேன் என்றார். குருநகர் மீனவர் என்று அவருடைய பழைய தாள்களில் ஏற்கனவே எழுதியிருந்தது. எவரும் சந்தேகிக்கவில்லை.

கும்பாபிஷேகம் ஜூலை 2 அன்று குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மழை இல்லை. கல் விழவில்லை.

ஜூலை 9 மாலை ஸ்ரீஸ்கந்தராஜா பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தார். பியற்றிஸ் தேநீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"நான்தான் தம்பி தண்ணி வாத்தனான்."

"தெரியும் அண்ணை. பூவைக் கண்டனான்."

"அண்டைக்கு வேலை முடியிற நாள். பெரிய கல்லு. உமக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டு ஐயரிட்டை மஞ்சள் தண்ணி வாங்கிக்கொண்டு ஏறினனான். நீர் வேறை மார்க்கம், கண்டால் வேண்டாம் எண்டுவீரோ எண்டு நினைச்சு, நீர் கீழை நிக்கேக்கை ஏறினனான். இந்த முழங்காலோடை ஏணியிலை ஏறினனான், தம்பி."



"எவ்வளவு வாத்தனீங்கள்?" என்று எட்வேட் கேட்டார்.

"ஒரு செம்பு. தகரத்தைத் தூக்கிப்போட்டு ரெண்டு துளைக்கையும் வாத்தனான், கல்லு உடனை உறிஞ்சிப்போட்டுது. பேந்து தகரத்தை மூடி, பூவை வச்சனான்."

"உங்கடை குளக்கட்டுக்கு உப்பிடி வாத்தால் நல்லது. ஈயத்துக்குக் கூடாது."

ஸ்ரீஸ்கந்தராஜா அழுதார். எட்வேட் அவர் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, மேற்கு மூலைக் கல்லு என்ன மாதிரி?"

"சிமெந்து வச்சு அடைச்சாச்சு. முட்டுக்கொடுத்த மரத்தையும் எடுத்தாச்சு. கும்பாபிஷேகத்துக்கு அலங்கோலமாக் கிடக்குது எண்டு சனம் சொல்லிச்சுது."

"பன்னிரண்டாவதிலை பழைய இரும்பை நான் எடுத்திட்டன். புதுசு பிடிக்கேல்லை. முந்தி மூண்டு இரும்பு பிடிச்ச கல்லை இப்ப ரெண்டு பிடிக்குது. அந்த ரெண்டும் கறள். ஆரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கோ."

"காட்டுறன், காட்டுறன். நீர் மட்டும் வெளியிலை ஒண்டும் சொல்லிப்போடாதையும்."

சபையின் ஓகஸ்ட், செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பர் மாதக் கூட்டக் குறிப்புகளில் முகப்புக் கல் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த மாதங்களில் எட்வேட் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. சமையலறை மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு இருப்பார் என்று பியற்றிஸ் சொன்னார். ஞாயிறு பூசைக்குப் பியற்றிஸ் அவரைக் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போவார். திரும்பும்போது எட்வேட், கோயில் தெரு வழியாக வரவேண்டாம் என்பார். பிறகு, யாராவது படியில் நிற்கிறார்களா என்று கேட்பார்.

டிசம்பர் கடைசி வாரம் கிருஷாந்த் வந்தார்.

"அண்ணை, மேற்கு மூலையிலை சிமெந்துக்குள்ளாலை கறள் தண்ணி வழியுது."

"என்ன நிறம்?"

"சாயத் தேத்தண்ணி மாதிரி."

"தொட்டுப் பாத்தனியோ? தூளா வருதோ, செதிலா வருதோ?"

"செதில்."

"கீழை என்ன கிடக்கு?"

"புதுச் செருப்புத் தட்டு. அதுக்குப் பக்கத்திலை கதிரை போட்டிருக்கு. உள்ளுக்கை சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளுதில்லை எண்டு கமலாம்பிகை அக்கா அதிலை இருந்துதான் பூக் கட்டிறவ."

"கதிரையைத் தள்ளிப் போடன்."

"தள்ளிப் போட்டனான், அண்ணை. அங்காலை குளிர்காத்து அடிக்குதாம். பேந்தும் அதிலைதான் கொண்டுவந்து போடுறா."

எட்வேட் மேலும் இரண்டு வாரம் யோசித்தார். 2007 ஜனவரி 15 அன்று பகல் சாப்பாட்டுக்குப் பின், "பியற்றிஸ், பேனையை எடும்" என்றார்.

"ஆருக்கு?"

"கவுன்சிலுக்கு."

"எங்கை பழகினனீங்கள் எண்டு கேப்பினமே. என்ன சொல்லப் போறியள்?"

"ஏதென்ஸ் எண்டு சொல்லப் போறன். சொல்லாட்டி, கல்லுக் கழுவிறவன் எழுதினது எண்டு ஒரு பக்கத்திலை போட்டிடுவாங்கள்."

"உங்களை அங்கை திருப்பி அனுப்பினால்?"

"கண்ணில்லாதவன் எங்கை இருந்தால் என்ன? எழுதும்."

கடிதம் தமிழில் நான்கு பக்கம். பியற்றிசின் கையெழுத்து. கவுன்சிலின் மொழிபெயர்ப்புப் பிரிவு செய்த ஆங்கிலப் பிரதியும் கோப்பில் அதனோடு இணைக்கப்பட்டுள்ளது. முதல் பக்கத்தில் 1991 முதல் 1999 வரை வேலை செய்த பட்டறையின் முகவரி இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் பதினான்கு கிளாம்ப்களின் இடமும் நிலையும், கண் பார்வை இல்லாதவர் நினைவிலிருந்து சொன்ன அளவுகளும் உள்ளன. நான்காம் பக்கத்தில், அனுமதியின்றி வேலை செய்தது தாம் மட்டுமே என்றும், பன்னிரண்டாவது இரும்பை அகற்றியது தாமே என்றும் எழுதியிருக்கிறார். விபத்தைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் உண்டு: "துளையில் ஈரம் இருந்ததை நான் சோதிக்கத் தவறினேன்." மஞ்சள் தண்ணீரைப் பற்றியோ பூவைப் பற்றியோ எதுவும் இல்லை.

பெப்ரவரி 6 அன்று கவுன்சில் அலுவலர்கள் வந்து பார்த்தார்கள். அடுத்த நாள் முன்வாசலைப் பலகையால் அடைத்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் பின்பக்கத்துக் குப்பைத்தொட்டி ஒழுங்கையால் போனார்கள்.

பெப்ரவரி 11 அன்று நடந்த சபைக் கூட்டத்தின் குறிப்பு வழக்கத்தைவிட நீளமானது. கடிதம் எழுதியவர் யார் என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. உறுப்பினர் ஒருவர், "வேதக்காரனை மேலை ஏத்தினது எங்கடை பிழை, காட்டிக் குடுத்திட்டான்" என்று கூறியதும், அக்குடும்பத்துடன் கோயில் தொடர்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டதும் அதில் உள்ளன. அதற்குக் கீழே: "இவ்விடயத்தில் தலைவர் எதுவும் கூறவில்லை."

தெருவில் தெரிந்தவர்கள் பியற்றிசைக் கண்டால் கடைக்குள் திரும்பினார்கள். தமிழ்க் கடையில் அவர் வரிசையில் நின்றால் முன்னால் நின்றவர் பேச்சை நிறுத்தினார். கிருஷாந்த் மட்டும் வந்து போனார். அதனால் அவருடைய பெயரும் சபையின் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. எட்வேட் பயந்த விசாரணை வரவேயில்லை. ஏதென்சைப் பற்றி, அவர் இறக்கும்வரை, எந்த அலுவலகமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஏப்ரல் மாதம் விளிம்புக் கற்களைப் பாரந்தூக்கியால் இறக்கித் திறந்து பார்த்தார்கள். பொறியியலாளரின் அறிக்கை ஏப்ரல் 26 அன்று தேதியிடப்பட்டது. பிரதியொன்று எட்வேட்டின் முகவரிக்கும் வந்தது. கிருஷாந்த் வாசித்துத் தமிழில் சொன்னார், எட்வேட் மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேட்டார். ஈயம் வார்க்கப்பட்ட பதினொரு இணைப்புகளிலும் அசைவு இல்லை என்று அறிக்கையின் மூன்றாம் பக்கம் சொல்கிறது. நான்காம் பக்கம் மேற்கு மூலைக் கல்லைப் பற்றியது. கல்லின் எடை 780 கிலோகிராம். அதைப் பிடித்திருக்க வேண்டிய இரும்புகளில் பன்னிரண்டாவது ஈயமின்றி வெறுமனே கிடந்தது. பதினான்காவது முறிந்திருந்தது. பதின்மூன்றாவது முதலில் 25 மில்லிமீட்டர் தடிப்பு. எஞ்சியிருந்தது 3 மில்லிமீட்டர்.